சவரிராயர் சாமிக்கு நான் சொல்லாத பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முதிய குருவானவர் தன் பூசையை இழந்ததற்கு நான் காரணம். அவர் முதல் வரியைச் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். பதில் எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு முட்டிபோட்டிருந்தேன்.

சென்ற வாரம் குருமடத்துச் சமையற்கட்டையும் அங்கே கிளறிய கேப்பைக் களியையும் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திட்டக்குடியிலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினார். “உங்க வாழ்க்கையில வருத்தமே கெடையாதா சார்?” என்று கேட்டார். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அறையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதனால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சின்னக் கோவில்

கடலூர் முதுநகரில் எங்கள் கோவிலின் தெற்குச் சுவரை ஒட்டி ஓர் அறை உண்டு. ஒரு பீடம், ஒரு ஜன்னல், நான்கு பேர் முட்டிபோட இடம். சின்னக் கோவில் என்போம்.

விடியற்காலை. ஜன்னல் வழியாக உப்பனாற்றின் ஈரமும் கருவாட்டு வாடையும் சேர்ந்து வரும். சுவரில் காரை பெயர்ந்த இடங்கள் தீவுகள் போல இருக்கும். இரண்டு மெழுகுத்திரிகள். அவற்றின் வெளிச்சம் எட்டும் வரைதான் உலகம். அதற்கு அப்பால் நீலமான ஓர் அரைத்தூக்கம்.

சவரிராயர் சாமி பீடத்துப் படிக்குக் கீழே நிற்கிறார். பச்சைப் பட்டுப் பூசையுடுப்பு. முதுகில் ஜரிகைச் சிலுவை. அதன் ஒரு மூலையில் ஜரிகை பிரிந்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் மினுக்கென்று ஆடும். நான் அவருக்கு வலப்பக்கம், கீழே முட்டிபோட்டிருக்கிறேன்.

சிலுவை அடையாளம் வரைந்து, லத்தீனில் முதல் வரியைச் சொல்கிறார். பிறகு காத்திருக்கிறார்.

இந்தக் காட்சி எனக்குக் கனவிலும் வரும். கனவில் நான் வாயைத் திறப்பேன். சத்தம்தான் வராது. அன்று நிஜத்தில் நடந்தது அப்படியல்ல. அன்று நான் வாயைத் திறக்கவே இல்லை.

பழைய பூசையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அது இருவர் பேசிக்கொள்வது போல அமைந்தது. குருவானவர் ஒரு வரி சொல்வார், உதவி செய்பவன் மறு வரி சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஒருவராவது இல்லாமல் குரு தனியாகப் பூசை வைக்கக் கூடாது என்பது அந்தக் கால ஒழுங்கு. சவரிராயர் சாமி ஒழுங்கில் இம்மியும் பிசகாதவர்.

நான் சொல்ல வேண்டிய அந்த முதல் பதில் கடவுளையும் இளமையையும் மகிழ்ச்சியையும் ஒரே வரியில் கொண்டுவரும். எண்பது வயதுக் கிழவன் உதவி செய்தாலும் தன் இளமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்தைந்து இருக்கும். இளமை கைநிறைய இருந்தது. அந்த வரியின் அருமை தெரியவில்லை.

ஒவ்வொன்றாக வந்தவை

லத்தீன் என் நாக்கில் ஏறியது குருமடத்தில். சாமியாராகப் போய், பாதியில் திரும்பிவந்தவன் நான். அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன். திரும்பி வந்தபோது என்னிடம் இருந்த சொத்து ஒரு தகரப் பெட்டியும் யாருக்கும் வேண்டாத ஒரு மொழியும்தான். பிறகு எம்.ஏ. முடித்து, சிதம்பரத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. தினமும் முதுநகரிலிருந்து ரயில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. சவுக்குத் தோப்புகளுக்கு மேலே வெயில் ஏறும்போது கிள்ளை வந்துவிடும்.

அந்த வருடங்களில்தான் ரோமில் ஆயர்கள் கூடி முடித்த வத்திக்கான் சங்கத்தின் தீர்மானங்கள் எங்கள் ஊருக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதலில் தமிழ் வந்தது. பிறகு பீடம் சுவரை விட்டு முன்னால் நகர்ந்தது. பிறகு அதுவரை முதுகை மட்டுமே காட்டிய குருவானவர் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். சொற்களும் மாறின. சர்வேசுரன் போய் இறைவன் வந்தார். பூசை திருப்பலி ஆயிற்று. நன்மை வாங்குவது நற்கருணை உட்கொள்வது ஆயிற்று. என் அம்மா மட்டும் சாகும் வரை “நன்மை எடுத்தியாடா?” என்றுதான் கேட்டாள்.

எனக்கு அது வசந்த காலம். முதன்முதலாகத் தமிழில் பூசை கேட்ட அன்று அழுதேன். பின்வரிசையில், மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த பெண்கள், அதுவரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தங்கள் பாட்டுக்கு இருந்தவர்கள், குருவானவருக்கு வாய்விட்டுப் பதில் சொன்னார்கள். அந்தச் சத்தத்தை மறக்க முடியாது. அன்று அழுதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நான் வருந்துவது அதற்காக அல்ல.

சிதம்பரத்தில் என்னோடு வேலை பார்த்த ராமலிங்கத்திடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, “உங்க சாமிக்கு இப்பதான் தமிழ் தெரிய ஆரம்பிச்சிதாய்யா? பரவால்ல. எங்க சாமிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும் போலருக்கு” என்று கோபுரம் இருந்த பக்கம் தலையை ஆட்டினார். அதன் பிறகு மாணவர்கள் முன்னால் என்னை ‘வத்திக்கான்’ என்றே கூப்பிடுவார்.

தேர் வடம்

சவரிராயர் சாமி அப்போதே எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பல ஊர்களில் பங்குக் கோவில் பொறுப்பைப் பார்த்து முடித்து, முதுநகரில் ஓய்வாகத் தங்கியிருந்தார். வயதான குருக்கள் விரும்பினால் பழைய முறையிலேயே பூசை வைக்கலாம், ஆனால் மக்களைச் சேர்க்கக் கூடாது என்று அவருக்கு அனுமதி வந்திருந்தது. சின்னக் கோவிலில், கதவைச் சாத்திக்கொண்டு, பதில் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம். ஊரில் லத்தீன் பதில்களைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.

பூசை முடிந்ததும் அவர் அறையில் எனக்கு ஒரு டம்ளர் காப்பி உண்டு. அவரே போடுவார். பால் எப்போதும் கொஞ்சம் தீய்ந்திருக்கும். அந்தக் காப்பிக்கு நடுவே நாங்கள் சண்டை போடுவோம். நான் சங்கத்தின் கட்சி. அவர் பழைய பூசையின் கட்சி.

ஏன் சாமி ஜனங்களைப் பார்த்துப் பூசை வைக்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன்.

“தேர் வடம் புடிக்கிறவன் சுரூபத்தப் பாத்துக்கிட்டா இழுப்பான்? எல்லாரும் ஒரே பக்கம் பாத்தாதான் தேரு நவுரும். நானும் ஜனங்களும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டிருந்தோம். இப்ப எதுத்தாப்புல நின்னு மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கறோம். என் மூஞ்சில என்னாடா இருக்குது பாக்கறதுக்கு?”

தமிழ் வேண்டாமா என்றேன். அவர் மறையுரை நிகழ்த்தினால் கேட்பவர்கள் கொட்டாவி விடாமல் கேட்பார்கள். அவ்வளவு நல்ல தமிழ்.

“வேணும். யாரோட தமிழு? ஒன் தமிழா, மீன்காரம்மா தமிழா? படிச்சவன் வந்து எழுதிக் குடுப்பான், அவனுக்குத்தான் புரியும். லத்தீன்ல அந்தத் தொல்லையே இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி முட்டாளு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சங்கம் தப்பு என்கிறீர்களா என்று மடக்கினேன்.

“தப்புன்னு எங்கடா சொன்னேன்? பரிசுத்த ஆவி அங்க வரலன்னு சொல்றதுக்கு நான் யாரு? வீட்டுக்கு வெள்ளையடிங்கன்னாங்க. நீங்க செவுத்த இடிக்கிறீங்க. அதான் சொல்றேன்.”

இடித்தவர்களில் நானும் உண்டு. பீடத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு மரக் கிராதி இருந்தது. அதன் முன் வரிசையாக முட்டிபோட்டுத்தான் நன்மை வாங்குவார்கள். இனி மக்களுக்கும் பீடத்துக்கும் நடுவே தடை கூடாது என்று இளைஞர் மன்றத்தார் அதைப் பெயர்த்தோம். ஒரு முனையை நான்தான் தூக்கினேன். தேக்கு. தோளில் அதன் பழைய மெழுகு வாசம் இரண்டு நாள் இருந்தது.

அவர் அதைத் தடுக்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே, என்னைப் பெயர் சொல்லி, ஒன்று மட்டும் கேட்டார். “இனிமே எப்பிடி வாங்குவாங்க? வரிசையிலயா? வரிசைன்னா முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். கிராதியில முன்ன பின்ன ஏது சூசை?”

அவர் முன்பு இருந்த ஒரு பங்கில், இரண்டு தெருக்காரர்கள் ஒரே கிராதியில் பக்கத்தில் பக்கத்தில் முட்டிபோடமாட்டோம் என்று நின்றார்களாம். அப்படியானால் யாருக்கும் நன்மை கிடையாது என்று இவரும் நின்றாராம். ஈஸ்டருக்கு முன்னால் இரண்டு தெருவும் வந்து முட்டிபோட்டது. அவருக்குக் கிராதி அதுதான்.

அன்று நான் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நற்கருணை வரிசையைப் பார்த்தேன். யார் முன்னால் நிற்கிறார்கள், யார் ஒதுங்கி நின்று கடைசியில் சேர்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

பங்குச் சாமியாரின் யோசனை

எங்கள் பங்குச் சாமியார் இளைஞர். நல்ல குரல். கெட்ட எண்ணம் இல்லாதவர். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டுக் கோவில் வாசலில் நடக்கவிட்டுப் பேசினார்.

பெரியவர் தனியாகப் பூசை வைப்பது ஒரே கோவிலில் இரண்டு சபை இருப்பது போல இருக்கிறது என்றார். சில கிழவிகள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். “நீ போறதாலதான சூசை அவுரு தனியா வைக்கிறாரு? நீ நின்னுட்டா, தானா நம்ம பீடத்துக்கு வந்துடுவாரு. அவுருக்கும் நல்லதுதான். பக்குவமா சொல்லிடு.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மன்றத்துப் பையன்கள் வேறு என்னை ‘லத்தீன் கிளி’ என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். சீர்திருத்தம் பேசுகிறவன் விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பூசைக்குப் பதில் சொல்வது எனக்கே உறுத்தியது.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ‘சாமி, நாளையிலிருந்து வரமாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அவர் கோபித்துக்கொண்டிருக்கமாட்டார், சண்டை போட்டிருப்பார், அவ்வளவுதான்.

சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போவேன். அவர் காப்பி டம்ளரை நீட்டுவார். வாங்கிக் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். சில வாரங்கள் இப்படிப் போயின. கடைசியில் ஒரு கோழை மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய வழியைக் கண்டுபிடித்தேன். போவேன், முட்டிபோடுவேன், பதில் சொல்லமாட்டேன். அவரே புரிந்துகொள்ளட்டும்.

காத்திருந்தார்

அவர் முதல் வரியைச் சொன்னார். காத்திருந்தார். துறைமுகப் பக்கம் ஏதோ விசைப்படகு இரண்டு முறை இருமி நின்றது. மெழுகுத்திரியில் ஒரு சொட்டு இறங்கியது.

மறுபடியும் அதே வரியைச் சொன்னார். குரல் உயரவில்லை. முதல் தடவை சொன்ன அதே அளவுதான். மறுபடியும் காத்திருந்தார்.

பிறகு மெதுவாகக் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். தமிழில், காதோடு கேட்டார்.

“ஒடம்பு சரியில்லையா சூசை?”

இல்லை என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிவதை நான் பார்த்தேன். ஒரு வீட்டில் விளக்கை ஒவ்வோர் அறையாக அணைத்துக்கொண்டு போவது போல அந்த முகத்தில் அது நடந்தது.

அவர் படியை விட்டு விலகினார். பூசையுடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மேலங்கியைத் தலைவழியே எடுத்து மடித்தார். தோளில் கிடந்த பட்டுக்கச்சையை எடுத்து, அதன் சிலுவையை முத்தமிட்டு, சுருட்டி வைத்தார். பூசை முடிந்த பிறகு செய்ய வேண்டிய எல்லாவற்றையும், தொடங்காத பூசைக்குச் செய்தார். கதவருகே போய் நின்று, திரும்பாமல் சொன்னார்.

“திரிய அணைச்சிட்டுப் போ.”

அணைத்துவிட்டுப் போனேன். அன்று ரயிலை விடவில்லை. அன்று நடத்திய பாடம் கூட நன்றாக வந்தது.

சவரிராயர் சாமி மறுநாள் சின்னக் கோவிலுக்கு வரவில்லை. வருவார் என்று நாங்கள் நினைத்திருந்த பெரிய பீடத்துக்கும் வரவில்லை. தமிழ்ப் பூசையில் கடைசி வரிசையில், மீன்கூடைப் பெண்களுக்குப் பக்கத்தில் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருப்பார். குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது அவர் கைகள் மடியில் லேசாக எழும், பிறகு தாழும். வலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் மீனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது நாளையைப் பற்றிப் பேசுவார்கள்.

பங்குச் சாமியார் என் தோளைத் தட்டினார். “பக்குவமா பேசிட்ட போலருக்குது.” நான் மறுக்கவில்லை.

சில மாதத்தில் பெரியவரைப் பெண்ணாடம் பக்கம் ஒரு கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். அவர் போன நாளில் நான் சிதம்பரத்தில் இருந்தேன். இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

கரும்புக்கு நடுவே

நான் அவரைத் தேடிப் போக ஐந்தாறு வருடங்கள் பிடித்தன. அதற்குள் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்திருந்தாள். அவளுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. நான் ஏதாவது சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பேன். அவள் சும்மா பார்ப்பாள். பதிலுக்காகக் காத்திருப்பது என்ன என்று அந்த வருடத்தில்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளை பேசத் தொடங்கிய வாரம், திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிவிட்டேன்.

விருத்தாசலம் தாண்டியதும் இருபுறமும் கரும்பு. ஆலைக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. காற்றே சற்றுத் தித்தித்தது. மடத்தை அடைந்தபோது மாலைப் பூசை நடந்துகொண்டிருந்தது.

தமிழில். ஒரு மேசைக்குப் பின்னால், சிஸ்டர்களைப் பார்த்தபடி நின்று, சவரிராயர் சாமி தமிழில் பூசை வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, கவனமாக வந்தது. ஆனால் ஒரு முறைகூட அவர் கண்களை உயர்த்தவில்லை. யார் வீட்டிலோ இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவுகிறவர் போல அவ்வளவு பத்திரமாகச் செய்தார்.

நாங்கள் அன்று விரும்பியது இதுதான். அது கிடைத்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்துவிட்டார். “என்னா சூசை, வழி தெரிஞ்சிதா?”

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சாமியார் சொன்னது, நான் சொல்லப் பயந்தது, வேண்டுமென்றே செய்தது.

“தெரியும். பங்குச் சாமியாரு அன்னிக்கே வந்து சொன்னாரு. நீ எங்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லி ஒத்துக்க வச்சிட்டியாம். நல்ல பையன்னாரு. ஆமான்னேன்.”

பேச்சை மாற்றி, இங்கே எப்படித் தமிழில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். நடக்க முடியாத வயதான சிஸ்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பூசை இல்லாமல் தவித்தார்கள், அவர்களுக்குப் புரிகிற மாதிரிதானே வைக்க வேண்டும் என்றார். “எனக்குத்தான் எங்க பாக்கறதுன்னு தெரியல. மேசையப் பாத்துக்கறேன்.”

நாளை காலையில் பழைய பூசை வையுங்கள், நான் பதில் சொல்கிறேன், ஒன்றும் மறக்கவில்லை என்றேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

“எனக்குக் குடுத்த அனுமதி கடலூர் சின்னக் கோவிலுக்கு. கதவ சாத்திக்கிட்டு. இங்க வைக்கச் சொல்லி யாரும் சொல்லல சூசை.”

“யாருக்கு சாமி தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்ல?”

மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். கையில் இருந்ததை விட்டுவிட்டு வந்தவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றார். விட்டது அவர் அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். அங்கே நின்று, வண்டிகளைப் பார்த்தபடி சொன்னார். “அன்னிக்கி நீ வராம இருந்திருந்தா தூங்கிட்டான்னு நெனச்சிருப்பேன். நாளைக்கி வருவான்னு இருந்திருப்பேன். ரெண்டு நாள்ள நானே புரிஞ்சிக்கினு விட்டிருப்பேன். நீ வந்து முட்டிபோட்டுட்ட. அதான்.”

பிறகு என் தலையில் கை வைத்து, உதட்டுக்குள் லத்தீனில் ஆசீர்வதித்தார். நான் ஆமென் என்றேன்.

அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் இறந்த செய்தி வந்தது. அடக்கப் பூசை தமிழில் நடந்தது. எல்லோரும் நன்றாகப் பாடினார்கள்.

டென்னிஸ் சாமியாரின் கைப்பேசி

ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்திலேயே தங்கிவிட்டேன். சில வருடங்களுக்கு முன் இங்கே உதவிப் பங்குத்தந்தையாக டென்னிஸ் சாமியார் வந்தார். முப்பது வயது. நான் குருமடத்தில் படித்தவன் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். கைப்பேசியில் எங்கோ வெளிநாட்டில் நடக்கும் பழைய லத்தீன் பூசையைக் காட்டினார். சாம்பிராணிப் புகைக்குள் ஜரிகைகள் நகர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்தச் சங்கத்துக்கு அப்பறம்தான் சார் எல்லாம் போச்சு. பக்தி போச்சு, மரியாத போச்சு. கைய நீட்டி சுண்டல் வாங்கற மாதிரி நன்மை வாங்கறாங்க.”

அவர் சொன்னவற்றில் பாதியைச் சவரிராயர் சாமியும் சொல்லியிருக்கிறார். ஆனால் பெரியவர் சொல்லும்போது அதில் ஓர் இழவு வீட்டுக் குரல் இருக்கும். இவர் சொல்லும்போது வழக்கு நடத்துகிறவரின் குரல் இருந்தது. ஒருவேளை, தான் பார்க்காத ஒன்றை இழந்தவர்களுக்குக் கோபம்தான் வருமோ என்னவோ. அவர்மீது எனக்குப் பிரியம் உண்டு. பகல் முழுவதும் உட்கார்ந்து என்னிடம் லத்தீன் உச்சரிப்பைத் திருத்திக்கொள்வார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சவரிராயர் சாமிக்காக அந்தச் சின்னக் கோவிலில் ஒரே ஒரு பழைய பூசை நடக்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

அனுமதி கேட்டோம். முன்பு இருந்த தளர்வு இப்போது இல்லை, ரோமே இறுக்கிவிட்டது. ஆயர் இல்லத்திலிருந்து இயலாது என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

டென்னிஸ் சாமியார் தளரவில்லை. என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், புதுச்சேரியிலிருந்து நண்பர்கள் வருவார்கள், படம் எடுத்துப் போடலாம் என்றார். சீர்திருத்தக்காரர்கள் ஒரு வயதான குருவை என்ன செய்தார்கள் என்று நான் என் வாயாலேயே அதில் சொல்ல வேண்டுமாம்.

வேண்டாம் சாமி என்றேன். பெரியவர் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கமாட்டார் என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். படியில் நின்று திரும்பினார். “அன்னிக்கும் நீங்கதான் சார் வாய மூடுனீங்க. இன்னிக்கும் நீங்கதான் மூடறீங்க.”

அந்த மதியம் முழுவதும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று பயந்தேன். இந்த முறையும் நான் ஒரு பூசையைத் தடுத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு காலத்தில் கேட்டவனும் நான்தான். அதற்குப் பெரியவர் சொன்ன பதில் மட்டும்தான் எனக்குப் பிடிமானம். அது போதுமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

டென்னிஸ் சாமியார் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்மை தரும்போது கையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பங்கு

இந்த ஆண்டு மழை விட்ட ஒரு காலையில் முதல் ரயிலில் முதுநகருக்குப் போனேன். கோவிலைப் பெருக்கித் திறந்து மூடுகிறவர் எலிசா என்ற நடுத்தர வயதுப் பெண். சின்னக் கோவிலைத் திறக்கச் சொன்னதும், அது சாமான் ரூம் சார், உள்ள தேளு இருந்தாலும் இருக்கும் என்றபடி திறந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் குடில் வைக்கோல், மூக்குடைந்த ஒட்டகங்கள், ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டி. இவற்றுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, அந்தப் பீடம் அப்படியே இருந்தது. ஜன்னலில் அதே ஈரம். வலப்பக்கம், என் இடத்தில், ஓர் ஒட்டகம் படுத்திருந்தது. அதை நகர்த்திவிட்டு முட்டிபோட்டேன். இந்த வயதில் அது ஒரே அசைவில் நடக்கிற காரியமல்ல.

குருவானவரின் வரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவற்றைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பதில்கள் என்னுடையவை. அவற்றைச் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எனவே பதில்களை மட்டும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால், அவர் வரிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன்.

பதில்களில் கொஞ்ச தூரம் போயிருப்பேன். கதவருகே எலிசா நின்றிருந்தாள்.

“யாருகிட்ட பேசறீங்க சார்? காதுல ஒண்ணும் மாட்டலயே.”

“பழைய பூசைம்மா. என் பங்க மட்டும் சொல்றேன்.”

“அப்ப சாமியாரு பங்கு?”

“அத நான் சொல்லக் கூடாது.”

அவள் பீடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நடுவுல நடுவுல நிறுத்துனீங்களே, அவுரு பேசறாருன்னா?”

ஆமாம் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். நினைத்தாலும் காட்டவில்லை. “சரி, மொதல்லேருந்து சொல்லுங்க. நான் இந்தாண்ட பெருக்கிக்கறேன்” என்றாள்.

முதலிலிருந்து தொடங்கினேன். பீடத்துப் படிக்குக் கீழே, எனக்கு இடப்பக்கம், யாரும் நிற்காத அந்த இடத்தை ஒட்டி நிமிர்ந்துகொண்டேன். முதல் வரி அவருடையது. அது ஒரு மூச்சில் முடிந்துவிடும். நான் உடனே பதிலைச் சொல்லிவிடவில்லை. அன்று அவர் எனக்காகக் காத்திருந்த அவ்வளவு நேரம் காத்திருந்தேன். அது நீண்ட நேரம். உப்பனாற்றில் ஏதோ படகு கிளம்பிப் போய்ச் சத்தம் தேயும் வரைக்கும் நீண்டது.

வெளியே துடைப்பச் சத்தம் நின்றது. எலிசாவும் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

என் இளமையைப் பற்றிய அந்தப் பதிலைச் சொன்னேன்.